பச்சைப் பாம்புக்கு விஷம் உண்டா, இல்லையா?

கேள்வி: 'கொல்லைப்புறம்', 8 ஜூலை 2023

எங்கள் மருதாணிப் புதரில் சில நாட்களாக ஒரு பச்சைப் பாம்பு இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதற்கு விஷமே கிடையாது என்கிறார். என் மாமியார் அது கண்ணைக் கொத்திவிடும் என்று கொல்லைக் கதவைத் திறக்கவே விடுவதில்லை. இணையத்தில் தேடினால் 'விஷமுள்ள மரப்பாம்பு' என்று வருகிறது. மூன்றில் எது உண்மை? அடித்துவிடலாமா?

8 ஜூலை 2023, இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: அடிக்காதீர்கள். மற்றவற்றை நாளை எழுதுகிறேன்.

9 ஜூலை 2023

விஷம் உண்டு. இணையம் சொல்வது சரி. பெரியவர் சொல்வது தப்பு, ஆனால் அவர் பேச்சை நம்பி நடந்தாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

நல்ல பாம்புக்கும் விரியனுக்கும் நச்சுப்பல் வாயின் முன்புறத்தில் இருக்கிறது. பல்லுக்குள் துளை ஓடுகிறது. கடித்த நொடியிலேயே விஷம் அழுத்தத்தோடு உள்ளே இறங்கிவிடும். பச்சைப் பாம்பின் நச்சுப்பல் மேல்தாடையின் பின்கோடியில், கண்ணுக்குக் கீழே இருக்கிறது. அதில் துளை இல்லை, ஓரமாக ஒரு பள்ளம் மட்டும்தான். விஷம் அந்தப் பள்ளத்தின் வழியே வழிந்து இறங்க நேரம் வேண்டும். அதனால் இந்தப் பாம்பு கடித்த இரையை விடுவதில்லை. கவ்விக்கொண்டு, தாடையை நகர்த்தி நகர்த்திப் பின்பல்லை உள்ளே ஏற்றும்.

ஓணானின் கழுத்து அந்த வாய்க்குள் தாராளமாகப் போகும். உங்கள் புறங்கை போகாது. விரல் நுனி போகலாம். அப்படியே கடி ஆழமாக விழுந்தாலும் வலி, வீக்கம், கொஞ்சம் மரத்துப்போதல், சில நாட்களில் சரியாகிவிடும். இதற்கென்று விஷமுறிவு மருந்து எவரும் தயாரிக்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

9 ஜூலை 2023, மாலை

மேலே 'ஒன்றும் ஆகாது' என்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அப்படியானால் கையில் எடுத்து விளையாடலாமா?" என்று கேட்டிருக்கிறார். பாம்புக்கு ஆகாது, ஐயா. விரலைவிட மெல்லிய உடம்பு, நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வால். கழுத்தைப் பிடித்து இழுத்தால் அதன் எலும்புதான் விலகும்.

10 ஜூலை 2023

நான் பார்த்த ஒரு வேட்டையைச் சொல்கிறேன். பல்லைப் பற்றி எழுதியது அப்போதுதான் விளங்கும்.

நான் ஒரு பள்ளியின் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே மல்லிகைப் பந்தல். மத்தியான வெயிலில் பந்தல் கம்பியில் ஓர் ஓணான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு முழம் தள்ளி, கொடியோடு கொடியாகப் பச்சைப் பாம்பு. முதலில் என் கண்ணில் பட்டது பாம்பு இல்லை, அதன் நாக்கு. மற்றப் பாம்புகள் நாக்கை நீட்டி நீட்டி இழுக்கும். இதுவோ நீட்டியதை நீட்டியபடியே விறைப்பாக வைத்திருந்தது.

காற்று வீசிக் கொடி ஆடும்போதெல்லாம் அதுவும் முன்னும் பின்னும் ஆடியபடி கொஞ்சம் முன்னேறியது. காற்று நின்றால் அதுவும் நின்றது. ஓணான் ஒரு தடவை நேராக அதன் பக்கம் திரும்பியும் பார்த்தது. ஒன்றும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

கடைசி நகர்வை நான் பார்க்கவில்லை. பார்க்கும் வேகத்தில் அது நடக்கவும் இல்லை. கழுத்தைக் கவ்விய மறுகணம் பாம்பு செய்த காரியம்தான் எனக்குப் புதிது. ஓணானைக் கம்பியிலிருந்து அப்படியே மேலே தூக்கிவிட்டது. நான்கு கால்களுக்கும் பிடிமானம் போய்விட்டது. நகங்கள் வெறும் காற்றைப் பிராண்டின. அந்த நிலையிலேயே பல நிமிடங்கள். பாம்பின் தாடை மட்டும் மெதுவாக அசைந்தது. முதலில் பின்னங்கால்கள் தொங்கின, பிறகு வால், பிறகு முன்னங்கால்கள். அதன் பின்னரே இரையைத் திருப்பித் தலைப் பக்கமாக விழுங்க ஆரம்பித்தது. வாலால் கொடியைச் சுற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியபடி.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஜன்னலில் குவிந்துவிட்டார்கள். அடுத்த பாடவேளை நடக்கவில்லை.

11 ஜூலை 2023

"ஓணான் சில நிமிடத்தில் செத்தது என்றால் விஷம் கடுமைதானே?" என்று நல்ல கேள்வி வந்திருக்கிறது.

பல்லின் இடம் பாதி விடைதான். மீதி, அந்த விஷம் யாருக்காக உருவானது என்பதில் இருக்கிறது. பின்பல் பாம்புகள் சிலவற்றில் இதைத் தெளிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். குவாம் தீவில் பெயர் கெட்டுப்போன பழுப்பு மரப்பாம்பின் விஷத்தில் ஒரு நச்சுப்புரதம் இருக்கிறது. பறவையையும் பல்லியையும் கொல்லும். அதையே எலிக்குச் செலுத்தினால் எலி பாட்டுக்கு இருக்கும். நாமும் எலியைப் போலப் பாலூட்டிதான். நம்மூர்ப் பூனைப் பாம்பு அந்தப் பழுப்புக்காரருக்கு நெருங்கிய சொந்தம்.

11 ஜூலை 2023, சற்று நேரம் கழித்து

குவாம் கதையைக் கேட்கிறார்கள். சுருக்கமாக.

பசிபிக் பெருங்கடலில் அமெரிக்காவின் கையில் இருக்கும் தீவு. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் கப்பல் சரக்கோடு இந்தப் பாம்பு வந்து இறங்கியது. மரமேறும் பாம்பையே அறியாத பறவைகள். சில பத்தாண்டுகளில் காட்டுப் பறவை இனங்களில் பெரும்பாலானவை அங்கே இல்லாமல் போயின. நோயா, பூச்சிமருந்தா என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்தபோது, காரணம் இந்தப் பாம்புதான் என்று ஜூலி சாவிட்ஜ் 1987-இல் நிறுவினார். மின்கம்பி மேல் ஏறி ஊரையே இருட்டாக்குவது அதன் பக்கத் தொழில்.

இப்போது அதற்கு வைக்கும் மருந்து என்ன தெரியுமா? பாராசிட்டமால். நாம் தலைவலிக்குப் போடுவதேதான். செத்த எலிக்குஞ்சுக்குள் 80 மில்லிகிராம் வைத்து ஹெலிகாப்டரிலிருந்து காட்டில் போடுகிறார்கள். தின்ற பாம்பு பிழைப்பதில்லை.

13 ஜூலை 2023

நான் எழுதியதைப் படித்துவிட்டு "பின்பல் பாம்பு என்றாலே பயமில்லை" என்று ஒருவர் எல்லா இடத்திலும் பரப்பிக்கொண்டிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. நம்மூர்ப் பச்சைப் பாம்பைப் பற்றி மட்டும்தான் சொன்னேன். இதே நினைப்பில் உலகின் பெரிய நிபுணர் ஒருவரே போய்ச் சேர்ந்தார்.

கார்ல் ஷ்மிட், சிகாகோ ஃபீல்ட் அருங்காட்சியகம், வயது 67. 1957 செப்டம்பர் 25 அன்று லிங்கன் பார்க் விலங்குக் காட்சிசாலையிலிருந்து அடையாளம் காட்டச் சொல்லி ஒரு குட்டிப் பாம்பை அனுப்பியிருந்தார்கள். ஆப்பிரிக்காவின் பூம்ஸ்லாங். அதுவும் மரவாசி, அதுவும் பின்பல் பாம்பு. பிடித்த பிடி கொஞ்சம் தளர்ந்ததும் இடது கட்டைவிரலில் கடித்தது. ஒரே ஒரு பின்பல்தான் சில மில்லிமீட்டர் இறங்கியது. குட்டிதானே, பின்பல்தானே என்று அவர் மருத்துவமனைக்குப் போகவில்லை. ரயிலேறி வீட்டுக்குப் போனார். குமட்டல், குளிர், காய்ச்சல், ஈறில் ரத்தம் என்று ஒவ்வொன்றையும் நேரம் போட்டு எழுதி வைத்தார். மறுநாள் காலை உடம்பு தேவலை என்று காலை உணவு சாப்பிட்டார், அதையும் எழுதினார். பிற்பகல் மூன்று மணிவாக்கில் உயிர் போய்விட்டது. உள்ளுறுப்புகளிலும் மூளையிலும் ரத்தக்கசிவு.

பூம்ஸ்லாங் விஷம் ரத்தம் உறைவதற்கான பொருள்களையெல்லாம் மெதுவாகச் செலவழித்துத் தீர்த்துவிடும். தீர்ந்த பிறகு எங்கே வேண்டுமானாலும் கசியும். கடித்த இடத்தில் பெரிதாக வலி கூட இருக்காது, அதுதான் ஏமாற்றுகிறது. இப்போது தென்னாப்பிரிக்காவில் அதற்கென்றே தனி மருந்து தயாரிக்கிறார்கள்.

13 ஜூலை 2023, இரவு

இன்னொன்று. ஆப்பிரிக்காவில் தெலோடோர்னிஸ் என்று ஒரு குச்சிப் பாம்பு உண்டு. படத்தைக் காட்டினால் நம்மூர்ப் பச்சைப் பாம்புக்கு யாரோ காய்ந்த பட்டை நிறம் பூசியது என்றுதான் சொல்வீர்கள். அதே மெலிவு, அதே படுக்கைவாட்டுக் கண்மணி, அதே ஆட்டம். நெருங்கிய உறவெல்லாம் இல்லை. ஒரே பிழைப்பு, அதனால் ஒரே உருவம். ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் மெர்ட்டன்ஸ் தான் வளர்த்த ஒரு தெலோடோர்னிஸ் கடித்து, பதினெட்டு நாள் கழித்து 1975-இல் இறந்தார். அதற்கு இன்றைக்கும் விஷமுறிவு மருந்து கிடையாது.

ஆகவே உருவத்தை வைத்து விஷத்தை எடை போடாதீர்கள்.

15 ஜூலை 2023

மாமியார் கட்சிக்கு வருகிறேன்.

கண்ணைக் குறி வைத்துக் கொத்துவதில்லை. ஆனால் முகத்துக்கு நேரே வாயைத் திறந்துகொண்டு பாயும், அது உண்மை. அது உட்காரும் உயரத்தைப் பாருங்கள். மருதாணி, மல்லிகை, கறிவேப்பிலை, முருங்கையின் தாழ்ந்த கிளை என்று எல்லாம் நம் நெஞ்சுக்கும் தலைக்கும் நடுவில். இலை பறிக்கும்போது முகம்தான் முதலில் புதருக்குள் போகிறது. பாய்ந்தால் அங்கேதான் படும். தரையில் கிடக்கும் பாம்பு காலைக் கடித்தால் 'காலைக் குறி வைத்தது' என்று யாரும் சொல்வதில்லையே.

பாய்வதற்கு முன் எச்சரிக்கையும் தரும். கழுத்தையும் முன்னுடம்பையும் புடைத்துக்கொள்ளும். செதில்கள் விலகி, இடையில் ஒளிந்திருந்த கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் தெரியும். பச்சையாக இருந்தது திடீரென்று வேறு பாம்பாகிவிடும். அதைப் பார்த்த பிறகும் முகத்தை எடுக்காதவரைப் பற்றி நான் என்ன சொல்ல.

இந்த நம்பிக்கை இலங்கையிலும் அப்படியே இருக்கிறது. இரண்டு நாட்டுப் பாட்டிகளும் கலந்து பேசி முடிவு செய்திருக்க வேண்டும்.

15 ஜூலை 2023, பின்குறிப்பு

அதன் கண்ணைத்தான் பார்க்க வேண்டும். சாவித்துவாரத்தைப் படுக்க வைத்த மாதிரி கண்மணி. கண்ணிலிருந்து மூக்கு நுனி வரை இரண்டு பக்கமும் ஒரு பள்ளம் ஓடுகிறது. மூக்கு குறுக்கே மறைக்காமல் இரண்டு கண்ணும் ஒரே இரையை நேராகப் பார்க்க அது வழிவிடுகிறது. பெரும்பாலான பாம்புகளுக்குக் கண் பக்கவாட்டில். தூரத்தைச் சரியாகக் கணிக்க இதற்கு முடிகிற அளவு அவற்றுக்கு முடியாது. கிளையிலிருந்து கிளைக்குத் தலையை நீட்டிப் பிழைப்பு நடத்துகிறவருக்குத் தூரம் தப்பினால் ஓணான் போய்விடும்.

16 ஜூலை 2023

என் ஆச்சி வேறு கட்சி. பச்சைப் பாம்பைக் கையால் ஒரு தடவை உருவிவிட்டால் அந்தக் கைச் சமையல் ருசிக்கும் என்பாள். அவள் உருவியதாகத் தெரியவில்லை. அவள் வைத்த ரசத்தைக் குடித்தவர்களுக்கு அதில் சந்தேகமே இல்லை.

18 ஜூலை 2023

"எங்கள் கல்லூரியில் ஒரு நீலப் பாம்பு ஜாடியில் இருக்கிறது, என்ன இனம்?" என்று ஒரு படம் வந்திருக்கிறது. கூர்மூக்கு தெரிகிறது. சந்தேகமே வேண்டாம், பச்சைப் பாம்புதான்.

எங்கள் ஆய்வுக்கூடத்திலும் ஒன்று உண்டு. நான் வேலைக்குச் சேரும் முன்பே ஜாடியில் இருந்தது, முழு நீலம். பாம்பின் தோலில் பச்சை என்று தனியாக ஒரு சாயம் இல்லை. அடியில் ஒளியைச் சிதறடித்து நீலமாகக் காட்டும் செல்கள், அதன் மேல் மஞ்சள் நிறமி. இரண்டும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சை. சாராயத்தில் போட்டால் மஞ்சள் கரைந்து போகும், நீலம் நின்றுவிடும். ஜாடியை மாற்றும்போது பழைய திரவம் இளமஞ்சளாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவராவது "சார், கிருஷ்ணர் நிறம்" என்பார்.

21 ஜூலை 2023

இதுவரை 'நம்மூர்ப் பச்சைப் பாம்பு' என்று ஒரே பாம்பு போல எழுதி வந்தேன். பேச்சுக்கு அது போதும். விவரம் கேட்பவர்களுக்கு இது.

நெடுங்காலம் இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பதெல்லாம் ஒரே இனம், அஹேதுல்லா நசூட்டா, என்றுதான் புத்தகங்கள் போட்டன. 2020-இல் அசோக் குமார் மல்லிக், கார்த்திக் சங்கர், கணேஷ் முதலானோர் மரபணுவையும் உடலமைப்பையும் வைத்து அதைப் பிரித்தார்கள். நசூட்டா என்ற பெயர் இலங்கைக்குப் போய்விட்டது. தீபகற்ப இந்தியாவின் தாழ்நிலத்தில் நாம் வேலியிலும் புதரிலும் பார்ப்பது அஹேதுல்லா ஆக்ஸிரிங்கா. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் இருப்பவை வேறு நான்கு இனங்கள், உருவில் சிறியவை. பச்சைப் பாம்பின் கூட்டத்துக்கே கொடிப்பாம்பு என்று பொதுப்பெயர்; அதில் பழுப்பு நிறக் கொடிப்பாம்புக்கும் இந்தியப் பக்கம் வேறு பெயர் வந்துவிட்டது.

நீலகிரியின் உச்சிப் புல்வெளியில் இன்னொரு உறவுக்காரர் உண்டு, பெரோட்டெட்டி. மூக்கு நீளமில்லை. அங்கே மரமும் அதிகமில்லை, புல்லிலும் குத்துச்செடியிலும் காலம் தள்ளுகிறார். மரவாசிக் குடும்பத்தில் தரை டிக்கெட்.

21 ஜூலை 2023, இரவு

இதைவிட எனக்குப் பிடித்த செய்தி 2019-இல் வந்தது. அகத்தியமலைப் பகுதியில் 2011-இல் கிடைத்த ஒரு கொடிப்பாம்பு, மேலுக்குப் பார்த்தால் மற்றவை போலவே பச்சை. ஆனால் செதில்களில் மெல்லிய முகடு ஓடுகிறது, மற்றவற்றுக்குச் செதில் வழவழப்பு. மரபணுவைப் பார்த்தால் மற்றக் கொடிப்பாம்புகளிடமிருந்து அது பிரிந்து சுமார் 2 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. தனிப் பேரினமாகவே வைத்து புரோஅஹேதுல்லா ஆன்டிக்வா என்று பெயரிட்டார்கள். இத்தனை காலம் 'இன்னொரு பச்சைப் பாம்பு' என்று எத்தனை பேர் பார்த்துவிட்டுக் கடந்து போனார்களோ.

24 ஜூலை 2023

கொல்லிமலையிலிருந்து ஒருவர் படம் அனுப்பி, "இதுவும் உங்கள் சாதுப் பச்சைப் பாம்புதானே, தம்பி கையில் எடுக்கலாம் என்கிறான்" என்று கேட்கிறார்.

எடுக்கவே கூடாது. உடனே தம்பியிடம் சொல்லுங்கள். அது மூங்கில் விரியன்.

வித்தியாசம் பார்க்கக் கிட்டே போக வேண்டியதில்லை. பச்சைப் பாம்பு கயிறு, இது கட்டை குட்டை. தலை முக்கோணம், கழுத்து சட்டென்று ஒடுங்கும். கண்மணி நெட்டுக்குத்து. கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையில் ஒரு குழி இருக்கும், இரையின் உடல்சூட்டை இருட்டிலும் உணர்வதற்கு. பச்சைப் பாம்பு பகலில் திரியும், இரவில் கொடிநுனியில் தளர்வாகச் சுருண்டு தூங்கும். விரியன் பகலெல்லாம் கிடந்த இடத்தில் கிடந்து இரவில் வேலைக்குப் போகும். இதன் நச்சுப்பல் முன்புறம், துளையுள்ளது, மடங்கி நிமிரக்கூடியது. நான் 9-ஆம் தேதி எழுதியது எதுவும் இதற்குப் பொருந்தாது.

கடி பெரும்பாலும் உயிரை எடுப்பதில்லை. வலியும் வீக்கமும் கடுமை. கட்டுப் போடாமல், கீறாமல், நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒன்றை மனதில் வையுங்கள்: இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் அந்த மருந்துக்காக விஷம் எடுப்பதும் அந்த நான்கிலிருந்துதான். மூங்கில் விரியன் பட்டியலில் இல்லை. மருத்துவர்கள் அறிகுறிகளைப் பார்த்துத்தான் வைத்தியம் செய்வார்கள். ஆகவே பாம்பின் படம் கையில் இருந்தால் காட்டுங்கள், பாம்பையே பிடித்துக்கொண்டு போகாதீர்கள்.

24 ஜூலை 2023, இரவு

தம்பி எடுக்கவில்லையாம். சந்தோஷம்.

27 ஜூலை 2023

கொம்பேறி மூக்கனை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கோபம்.

அதற்குச் சுத்தமாக விஷமில்லை. வெண்கல நிற முதுகு, ஓட்டத்தில் சூரன், முட்டையிடும் பாம்பு. கடித்துவிட்டுப் போய்ச் சுடுகாட்டு மரத்தில் ஏறி, கடிபட்டவர் சிதைப் புகையைப் பார்த்த பிறகுதான் இறங்குமாம். அது இன்னும் மரத்திலேயே இருக்கிறது, புகைதான் வந்தபாடில்லை.

30 ஜூலை 2023

முட்டை என்றதும் நினைவு வந்தது. பச்சைப் பாம்பு குட்டி போடும். முட்டை தாயின் வயிற்றிலேயே பொரிந்து குட்டியாக வெளியே வரும். தாய் அதற்குமேல் எதையும் கவனிப்பதில்லை. குட்டி பிறந்த அன்றே தானாகத் தேடித் தின்ன வேண்டும்.

லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1885 ஆகஸ்டிலிருந்து தனியாக வைக்கப்பட்டிருந்த ஒரு பெண் பாம்பு 1888 ஆகஸ்டில் குட்டி போட்டது. மூன்று ஆண்டுகள் ஆணின் வாடையே இல்லை. விந்தை உடலுக்குள் சேமித்து வைத்துப் பிற்பாடு பயன்படுத்தும் வழக்கம் பாம்புகளிடம் உண்டு. ஆணே இல்லாமல் கருத்தரிப்பதும் மிக அபூர்வமாக நடப்பதுண்டு. இரண்டில் எது என்று அந்தக் காலத்தில் யாரும் பரிசோதிக்க வழியில்லை. எனக்குச் சேமிப்புக் கணக்குதான் நம்பும்படி இருக்கிறது.

2 ஆகஸ்ட் 2023

"வளர்க்க ஆசை, எங்கே கிடைக்கும்?"

எங்கேயும் கேட்காதீர்கள். பாம்பைப் பிடித்து வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் சரிப்படாது. உயிருள்ள ஓணானையும் தவளையையும் நீங்கள் தினமும் எங்கே தேடுவீர்கள்? கண்ணாடி என்றால் அதற்குப் புரியாது. வெளியே போக முட்டி முட்டி அந்தக் கூர்மூக்கு நுனி புண்ணாகிச் சீழ் பிடிக்கும். கிண்டிப் பாம்புப் பண்ணைக்குப் போய் நாள் முழுக்க நின்று பாருங்கள், டிக்கெட் விலை ஒன்றும் பெரிதில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், விடுமுறை.